உபரி யாருக்கு உரியது? திருவண்ணாமலையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

அரசின் வரவு செலவை விஞ்சும்போது, எஞ்சும் தொகையை வரி செலுத்தியோருக்கே திருப்பித் தர வேண்டும் என்ற கருத்து பொதுநிதி விவாதங்களில் வலியுறுத்தப்படுகிறது. ‘திருப்புதல்’ என்னும் சொல்லோ, அதைப் பெறுவதற்கு உரியவர் யார் என்பதை முன்னரே முடிவு செய்துவிடுகிறது. அம்முடிவு எளிதன்று என்பதைத் திருவண்ணாமலைக் கோயில் வரலாற்றின் துணைகொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

வரி நீக்கமும் திருப்பணியும்

விசயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் தம் ‘ஆமுக்தமால்யதா’வில், அரசு வருவாயை நான்கு கூறாக்கி ஒரு கூற்றைக் கருவூலத்தில் சேர்க்குமாறு அறிவுறுத்துகிறார். அவர் காலத்தில் அரசின் ஆதரவு கோயில்களை இருவழியில் அடைந்தது. 1517இல் சோழமண்டலத்துச் சிவன், திருமால் கோயில்கள் செலுத்திவந்த சோடி, சூலவரி முதலிய வரிகளில் 10,000 பொன் நீக்கப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் திருவண்ணாமலையில் ஆயிரங்கால் மண்டபமும் திருக்குளமும் அமைக்கப்பட்டன. பதினொரு நிலைக் கோபுரப் பணியும் தொடங்கப்பெற்றது.

வரி நீக்கத்தின் பயன் வரி செலுத்திய கோயில்களுக்குச் சென்றது. அக்கோயில் நிலங்களை உழுதவரின் சுமை அதனால் தானாகக் குறைந்திராது. திருப்பணியோ வந்து வழிபடுவோர் பலருக்கும் பயன்பட்டது. எனினும் எதைக் கட்டுவது என்பதில் வரி கொடுத்தவருக்குப் பங்கில்லை.

வரி, கட்டணம், காணிக்கை

சென்னை மாநிலத்தின் 1951ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம், சமய நிறுவனங்கள் தம் வருவாயில் 5 விழுக்காடு வரை அரசுக்குச் செலுத்த வேண்டும் என்றது. சிரூர் மடம் வழக்கில் (1954) உச்ச நீதிமன்றம், அத்தொகை தொகுநிதியில் கலப்பதாலும் சேவைச் செலவோடு தொடர்புறாமையாலும் அது கட்டணமன்று, வரியே எனத் தீர்ப்பளித்தது. கட்டணம் சேவைக்கு ஈடானது என்பதால், மிகுதி ஏற்பட்டால் கட்டணத்தைக் குறைப்பதே முறை. வரிக்கு அத்தகைய ஈடு இல்லை.

1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36ஆம் பிரிவு கோயிலின் சொந்த உபரியைப் பற்றியது. அதனை ஆணையரின் ஒப்புதலுடன் சட்டம் வகுத்த சமய, அறப் பணிகளுக்கே அறங்காவலர் செலவிடலாம். காணிக்கை இட்டவருக்கு அது திரும்புவதில்லை. இட்ட நோக்கமே அதற்கு உரிமை கோருகிறது.

முடிவுரை

2012–13இல் தமிழ்நாடு வருவாய் உபரி கண்டது. அவ்வாண்டிலும் நிதிப் பற்றாக்குறை இருந்தது. மூலதனச் செலவுக்கு உதவிய அவ்வுபரியைப் பகிர்ந்தளித்திருந்தால், அந்த அளவுக்குக் கடன் கூடியிருக்கும். மேலும், கிரிவலம் வருபவர் வாங்கும் பொருளின் விலையிலும் வரி அடங்கியுள்ளது. வருமானவரிப் பட்டியலிலோ அவர்களுள் பலர் பெயர் இராது. வருமானவரிக் குறைப்பின் வழியே உபரியைத் திருப்பினால் அவர்கள் விடுபடுவர். சிங்கப்பூர் 2018இல் தன் உபரியின் ஒரு பகுதியை வயதுவந்த குடிமக்கள் அனைவருக்கும், குறைந்த வருமானத்தார்க்குக் கூடுதலாகப் பகிர்ந்தது இச்சிக்கலுக்கு ஒரு விடை. ஆகவே, கட்டண உபரி செலுத்தியவரையும் காணிக்கை உபரி அதன் நோக்கத்தையும் சாரும். வரி உபரி, கண்ணுக்குத் தெரியாமல் வரி செலுத்துவோரையும் உள்ளடக்கிய குடிமக்கள் அனைவருக்கும் பொதுவானது.