பூட்டிய கதவின் வரலாறு: திலிஸ்ம் முதல் தப்பிக்கும் அறை வரை

சதுரங்கம் ஆடுபவர் அதே பலகையில் ஆயிரம் முறை ஆடலாம். கிரிக்கெட் ஆடுபவருக்கு அதே மைதானம் ஆயுள் முழுவதும் போதும். தப்பிக்கும் அறைகளுக்குச் செல்வதைப் பொழுதுபோக்காகக் கொண்டவருக்கோ ஓர் அறை ஒரே ஒரு முறைதான். புதிர் அவிழ்ந்தவுடன் அவ்வறை அவரளவில் முடிந்துவிடுகிறது. ஆகவே அவர் அடுத்த அறையைத் தேடி அடுத்த பேட்டைக்கும், பின்னர் அடுத்த நகரத்துக்கும் போகிறார். அறை நடத்துபவரும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சுவர்களைப் பெயர்த்து, புதுக் கதையும் புதுப் பூட்டுகளுமாக அறையை மாற்றியமைக்க வேண்டியவராகிறார். நுகரப்பட்ட கணத்திலேயே தீர்ந்துபோகும் இப்பொழுதுபோக்குக்கு வரலாறு எழுதுவது எப்படி என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

எஸ்கேப் ரூம் என்று இந்திய நகரங்களில் வழங்கும் இவ்விளையாட்டின் அமைப்பு எளியது. நான்கைந்து பேர் கொண்ட குழு ஓர் அறைக்குள் நுழைகிறது. கதவு சாத்தப்படுகிறது. சிறைக்கூடம், வங்கிப் பெட்டகம், துப்பறிவாளரின் படிப்பறை என ஏதேனும் ஒரு கதைக்களமாக அறை ஒப்பனை செய்யப்பட்டிருக்கும். மேசை இழுப்பறை, சுவர்க் கடிகாரம், புத்தக அடுக்கு ஆகியவற்றில் மறைந்துள்ள குறிப்புகளைக் கண்டெடுத்துப் பூட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பெரும்பாலும் 60 நிமிடங்களுக்குள் வெளியேற வேண்டும். விளையாட்டு நடத்துநர் வெளியிலிருந்து கேமரா வழியே கவனித்து, குழு திணறும்போது குறிப்பளிப்பார். 2010களின் நடுப்பகுதியில் டெல்லி, குருகிராம், மும்பை, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய நகரங்களில் இவ்வறைகள் பரவின. பிறந்தநாள் கொண்டாட்டம், கல்லூரி நண்பர் சந்திப்பு, நிறுவனங்களின் குழுப் பயிற்சி ஆகியவை இவற்றின் முதன்மை வாடிக்கையாயின.

இவ்வடிவத்தின் அண்மைக்கால மரபுவழி தெளிவானது. 2004இல் ஜப்பானியர் தோஷிமித்சு தகாகி உருவாக்கிய ‘கிரிம்சன் ரூம்’ என்னும் கணினி விளையாட்டு, மூடிய அறையிலிருந்து வெளியேறுவதையே முழு ஆட்டமாக்கியது. 2007இல் கியோத்தோவில் தகாவோ கதோ, ஸ்க்ராப் நிறுவனத்தின் வழியே அதனைத் திரையிலிருந்து மெய்யான இடத்துக்குக் கொண்டுவந்தார். 2011இல் புடாபெஸ்டில் அத்திலா ஜியுர்கோவிச் தொடங்கிய ‘பாராபார்க்’ இவ்விளையாட்டுக்கு ஐரோப்பாவில் வழிதிறந்தது. நகரத்தின் பழைய கட்டடங்களும் நிலவறைகளும் இத்தகைய அறைகளாக மாறின. 2015இல் ஸ்காட் நிக்கல்சன் 175 நிலையங்களை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, இத்துறையின் முதல் பெரிய கல்விசார் ஆவணங்களுள் ஒன்று. வேடமேற்று ஆடும் விளையாட்டு, கணினிச் சாகச விளையாட்டு, புதையல் வேட்டை, பார்வையாளர் பங்கேற்கும் நாடகம், பேய்வீடு முதலியவற்றை அது முன்னோடிகளாகக் குறித்தது.

இப்பட்டியலில் இடம்பெறாத ஒரு பெயர் இந்திய ஆய்வாளர்களுக்கு நினைவுக்கு வர வேண்டும். அது ‘திலிஸ்ம்’.

கிரேக்கச் சொல்லொன்றிலிருந்து அரபி, பாரசீகம் வழியே உருதுவுக்கு வந்த இச்சொல், மந்திரவாதி கட்டியெழுப்பிய ஒரு மூடிய உலகைக் குறிக்கும். அதற்கென்று தனி விதிகள் உண்டு. உள்ளே புகுந்தவர் அவ்விதிகளை அறியாமல் வெளியேற முடியாது. 1883 முதல் லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் முகம்மது ஹுசைன் ஜாஹ், அகமது ஹுசைன் கமர் ஆகியோரின் எழுத்தில் வெளியிட்ட ‘திலிஸ்ம்-ஏ-ஹோஷ்ருபா’, அமீர் ஹம்சா கதைமரபின் மிகப் புகழ்பெற்ற பகுதி. அதில் திலிஸ்மை உடைப்பவருக்கு வழிகாட்ட ‘லவ்ஹ்’ எனப்படும் பலகை ஒன்று உண்டு. அதனைத் தேடியடைவதும், அதன் வாசகத்தைச் சரியாகப் பொருள்கொள்வதும் வெற்றிக்கு இன்றியமையாதவை.

1888இல் தேவகீநந்தன் கத்ரியின் இந்தி நாவல் ‘சந்திரகாந்தா’ இதே மரபை மந்திரத்திலிருந்து பொறிநுட்பத்தை நோக்கி நகர்த்தியது. கத்ரி, காசி அரசின் ஆளுகையிலிருந்த சகியா, நவ்கர் காடுகளில் ஒப்பந்தம் எடுத்தவர். அங்கிருந்த பாழடைந்த கோட்டைகளையும் குகைகளையும் நேரில் அறிந்தவர். அவரது திலிஸ்மில் இரகசியக் கதவுகளும், விசையால் இயங்கும் பொம்மைகளும், நிலவறைப் பாதைகளும் நிறைந்திருக்கின்றன. விஜய்கர் இளவரசி சந்திரகாந்தா அதனுள் சிக்கிக்கொள்ள, நவ்கர் இளவரசன் வீரேந்திர சிங் ஒரு நூலின் துணையுடன் புதிர்களை அவிழ்த்து உள்ளே செல்கிறான். இந்நாவலைப் படிப்பதற்காகவே பலர் இந்தி கற்றனர் என்பது இந்தி இலக்கிய வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. 1990களில் தொலைக்காட்சித் தொடராகவும் அது பெரும்புகழ் பெற்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கியோத்தோவின் விளையாட்டு லக்னோவிலிருந்து பிறந்தது என்பதற்குச் சான்று ஏதுமில்லை. எல்லாவற்றுக்கும் மூலம் இங்கே என்று காட்டும் ஆசை வரலாற்றெழுத்தைக் கெடுக்கும். இவ்விரண்டுக்கும் இடையே இருப்பது வடிவ ஒப்புமை. ஒப்புமையைவிட வேறுபாடே அதிகம் கற்பிக்கிறது.

திலிஸ்மை உடைப்பவன் பெயர் முன்கூட்டியே விதிக்கப்பட்டிருக்கும். அவன் அரசகுலத்தவன். மற்றவர் எத்தனை அறிவுடையவராயினும் அது அவர்களுக்குத் திறவாது. தப்பிக்கும் அறையிலோ நுழைவுச்சீட்டு வாங்கிய எவருக்கும் கதவு திறக்கும். வெல்வது தனி வீரனல்லன், குழு. நிக்கல்சனின் ஆய்வில் ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களே பெரும்பான்மையாக இருந்தன. சந்திரகாந்தா மீட்புக்காகக் காத்திருந்த இடத்தில், இன்று கையில் சாவியுடன் ஒரு மாணவி நிற்கிறாள். ஆயினும் இச்சமத்துவம் நுழைவுக் கட்டணத்தோடும் ஓய்வு நேரத்தோடும் முடிந்துவிடுகிறது. பிறப்பால் அடைபட்டிருந்த வாயில் இப்போது வருமானத்தால் அடைபடுகிறது.

லக்னோவில் இன்னொரு சான்றும் உண்டு. 1784ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது நவாப் ஆசஃப்-உத்-தௌலா மக்களுக்கு வேலையளிக்கும் பொருட்டுத் தொடங்கிய படா இமாம்பாராவின் மேற்பகுதியில் ‘பூல் புலையா’ என்னும் சிக்கற்பாதை இருக்கிறது. தூணும் உத்திரமுமின்றி ஏறத்தாழ 50 மீட்டர் நீளத்துக்கு விரியும் மைய மண்டபத்தின் வளைகூரையைத் தாங்குவதற்காகவே அதனைச் சூழ்ந்த கட்டுமானம் உட்குடைவான நடைவழிகளாக அமைந்தது என்பது கட்டடக்கலை அறிஞர் தரும் விளக்கம். சுமையைக் குறைக்க வந்த அமைப்பு பின்வந்தோருக்கு விளையாட்டாயிற்று. இன்று அங்கே வழிகாட்டி முதலில் பார்வையாளரை வழிதவற விடுகிறார். சிரிப்பு அடங்கியதும் வெளியே அழைத்துவருகிறார். தப்பிக்கும் அறையின் நடத்துநர் செய்வதும் இதுவே. தொலைதல் இன்பமாவதற்கு, வழியறிந்த ஒருவர் அருகில் இருக்கிறார் என்னும் உறுதி வேண்டும்.

அந்த உறுதி பொய்த்த நாளும் இவ்வரலாற்றில் உண்டு. 2019 ஜனவரி 4 அன்று போலந்தின் கோஷாலின் நகரில் பிறந்தநாள் கொண்டாடச் சென்ற 15 வயதுச் சிறுமியர் ஐவர் தப்பிக்கும் அறையொன்றில் உயிரிழந்தனர். அறைக்கு வெளியே, வரவேற்புப் பகுதியில் எரிவாயுவால் தீப்பற்றியது. அவர்கள் வெளியேறுவதற்கு வேறு வழி இருக்கவில்லை. அதன் பின்னரே அந்நாடெங்கும் இத்தகைய அறைகள் சோதனையிடப்பட்டன, பல மூடப்பட்டன.

இந்தியாவுக்கு இப்பாடம் புதிதன்று. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் திரையரங்கில் 59 பேர் மாண்டனர். பால்கனியின் ஒரு பக்க வெளியேறும் வழி கூடுதல் இருக்கைகளால் அடைபட்டிருந்தது. 2024 மே 25 அன்று ராஜ்கோட்டின் விளையாட்டு மையமொன்றில் நேர்ந்த தீயில் குழந்தைகள் உட்பட 27 பேர் இறந்தனர். அது தப்பிக்கும் அறையன்று. ஆனால் அதே வகைக் குடும்பப் பொழுதுபோக்கிடம். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இல்லாமலேயே அது இயங்கிவந்தது. குஜராத் உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டு, முதல்நோக்கில் இது மனிதரால் விளைந்த பேரழிவு என்று கருதியது.

2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு மக்கள் கூடும் கட்டடங்களுக்கான தீப்பாதுகாப்பு நெறிகளை வகுத்துள்ளது. ஆயினும் அது தன்னளவில் பரிந்துரையே. மாநிலங்களும் உள்ளாட்சிகளும் தம் விதிகளில் ஏற்கும்போதுதான் கட்டுப்படுத்தும் வலிமை பெறுகிறது. கடைக்கென்றோ அலுவலகத்துக்கென்றோ கட்டப்பட்ட தளத்தில் மரப்பலகையும் திரைச்சீலையும் கொண்டு உட்சுவர் எழுப்பி, சாளரத்தை மறைத்து, கதவைச் சாத்தி நடத்தப்படும் விளையாட்டுக்கு, அக்கட்டடத்தின் பழைய அனுமதி எவ்வகையிலும் போதாது.

பொறுப்புடன் நடத்தப்படும் அறைகளில் கதவு மெய்யாகவே பூட்டப்படுவதில்லை. மின்சாரம் நின்றால் தானே விடுபடும் மின்காந்தப் பூட்டு இருக்கும். உள்ளிருந்து அழுத்தினால் திறக்கும் அவசரப் பொத்தானும் இருக்கும். சில இடங்களில் நுழைந்த கதவு திறந்தே இருக்கும். ஆட்டக்காரர் தேடுவது இன்னொரு கதவை. அதாவது, பூட்டு ஒரு புனைவு, வெளிவழி மெய். இவ்விரண்டும் இடம்மாறிய இடங்களில் விளையாட்டு மரணப்பொறியாயிற்று. ஆகவே அனுபவமிக்க ஆட்டக்காரர் அறைக்குள் நுழையுமுன் கேட்கும் முதற்கேள்வி, புதிரைப் பற்றியதாக இருக்கலாகாது. விளக்கணைந்தால் எவ்வழியே வெளியேறுவது என்பதாக இருத்தல் வேண்டும்.

இனி, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்குத் திரும்பலாம். இவ்வறைகளின் விடைகளை வெளியிடலாகாது என்பது ஆட்டக்காரரிடையே எழுதாச் சட்டம். அடுத்து வருபவரின் இன்பத்தைக் காக்கும் இந்நாகரிகமே ஆவணத்தை அழிக்கிறது. அறை பிரிக்கப்பட்டதும் அதன் கதை, பொறி, தச்சு, ஒலியமைப்பு எல்லாம் சுவடின்றிப் போகின்றன. 2020இன் ஊரடங்கில் மூடிக்கொண்ட அறைகளில் என்னென்ன புதிர்கள் இருந்தன என்பதை எந்த நூலகமும் சொல்லாது. தாஸ்தான் சொல்லும் கலைக்கும் இந்நிலை நேர்ந்ததுண்டு. அதன் கடைசிப் பெருங்கலைஞராகக் கருதப்படும் மீர் பாகர் அலி 1928இல் மறைந்தபோது அக்கலையும் ஏறத்தாழ மறைந்தது. 2005இல் மஹ்மூத் ஃபாரூகி அதனை மீண்டும் மேடையேற்ற முடிந்ததற்கு, நவல் கிஷோர் அச்சகம் விட்டுச்சென்ற அச்சுப்பக்கங்கள் துணைநின்றன. தப்பிக்கும் அறைகளுக்கு அத்தகைய அச்சகம் எதுவும் இல்லை.

இன்றைய நிலையில் இவ்வறைகளைப் பற்றிய அரசு ஆவணம் திரள்வது விபத்துக்குப் பிறகுதான். எரிந்த அறைக்கு விசாரணை அறிக்கையும், வரைபடமும், சாட்சியங்களும் கிடைக்கின்றன. வந்தவர் அனைவரையும் பத்திரமாக வெளியே அனுப்பிய அறைக்கு ஒரு தாளும் இல்லை. நடத்துநர்கள், தச்சர்கள், புதிர் எழுதியோர், நூறு அறைகளைக் கண்ட ஆட்டக்காரர்கள் ஆகியோரின் வாய்மொழிச் சான்றுகளை இன்றே திரட்டத் தொடங்கினால், பாதுகாப்பாக இயங்கிய அறை எவ்வாறு இயங்கியது என்பதும் வரலாற்றில் இடம்பெறும். அந்தக் குறிப்பு ஆய்வாளருக்கு மட்டுமன்றி, நாளை ஓர் அறையைக் கட்டப்போகிறவருக்கும் அதற்கு அனுமதி வழங்கப்போகிற அதிகாரிக்கும் தேவைப்படும்.