திருக்குடந்தை ஸந்நிதித் தெருவில் ஒரு திண்ணை வீடு

திருக்குடந்தை ஆராவமுதன் திருக்கோயிலின் ராஜகோபுரம் பதினொரு நிலைகளை உடையது. அதன் எதிரே நீளும் ஸார்ங்கபாணி ஸந்நிதித் தெருவில் ஓடு வேய்ந்த சிறிய வீடொன்று உளது. கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜன் (1887–1920) வளர்ந்த இல்லம் இதுவே. உலகத்தார் இதனை அவர் பெயரால் அறிவர்; ஆயினும் ஸந்நிதியை விலக்கி இவ்வீட்டைக் காண்பது பாதி கண்டதேயாகும்.

அமைப்பு எளியது. தெருவிலிருந்து படியேறினால் திண்ணை, உள்ளே தெருவை நோக்கிய சாளரத்துடன் ஓர் அறை, அதில் ஒரு கட்டில், அப்பால் கூடம், சமையற்கட்டு, கொல்லையில் கிணறு. ஸந்நிதித் தெரு வீடுகளின் பொது இலக்கணம் இது. பக்கச் சுவர்கள் அண்டை வீடுகளை ஒட்டி நிற்பதால் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் திண்ணையே இடமாயிற்று. புறப்பாடு ஸேவிப்பதற்கும், வழிவந்த பாகவதர் இளைப்பாறுவதற்கும் ஏற்பட்டது திண்ணை. அங்கேதான் ராமாநுஜன் சிலேட்டுடன் அமர்ந்து கணக்கிட்டார்.

இத்தலத்துத் திருவாய்மொழிப் பதிகத்தை (5-8) யாத்ரிகர் ஓதக் கேட்டன்றோ ஸ்ரீமந் நாதமுனிகள் மறைந்த பிரபந்தங்களைத் தேடப் புறப்பட்டார்! வழிவந்தோர் வாய்மொழியால் பிரபந்தம் மீண்ட ஸம்ப்ரதாயத்தில், அவர்களை அமரச்செய்யும் திண்ணையை வெறும் கட்டட உறுப்பாகக் கொள்ளலாகாது.

தந்தையார் புடவைக் கடையில் கணக்கர், வருவாய் சிறிது. தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பாடுபவர். இத்தலத்துத் தாயாரின் திருநாமமும் கோமளவல்லியே. கல்லூரி மாணவர் சிலர் இவ்வில்லத்தில் தங்கியிருந்தனர். சிறுவனுக்கு உயர்கணித நூல்கள் முதலில் கிட்டியது அவர்கள் வாயிலாகவே. குறுகிய வீட்டைப் பிறருக்கும் பகிர்ந்த வறுமை இவ்வாறு பயன்பட்டது.

திருமங்கையாழ்வார் அருளிச்செய்த திருவெழுகூற்றிருக்கையும் குடந்தைப் பெருமானுக்கே உரியது. ஒன்று முதல் ஏழு வரை எண்கள் ஏறியும் இறங்கியும் அதில் தேர் வடிவம் கொள்கின்றன. அதனின்று மேதையின் கணிதத்தை வருவிக்க முயல்வது மிகை. எனினும் எண்ணால் தேர் சமைத்த பிரபந்தத்துக்குரிய ஸந்நிதியின் தெரு இது என்பது மறக்கத்தக்கதன்று.

2003-இல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் இவ்வீட்டை வாங்கி நினைவில்லமாகக் காத்துவருகிறது. அது நற்பணியே. ஆனால் அண்டை வீடுகளுக்கு அத்தகைய காவலர் இலர். பழந்திண்ணைகள் இடிந்து கடைமுகப்புகளாகின்றன. ஒரு வீட்டைக் காப்பதால் தெரு காக்கப்பட்டதாகாது. எஞ்சிய ஓட்டு வீடுகளின் அளவுகளையும் படங்களையுமேனும் அவை நிற்கும்போதே பதிவு செய்தல் வேண்டும்.