துருவைத் தடுக்கும் பிளாஸ்டிக் உறை

துருத்தடுப்பு பிளாஸ்டிக் உறை என்பது, தனக்குள் கலந்திருக்கும் வேதிப்பொருளை மெல்ல ஆவியாக வெளிவிட்டு, உள்ளே வைத்த உலோகப் பாகத்தை அரிப்பிலிருந்து காக்கும் பாலித்தீன் படலம். தொழிற்சாலைகளில் ‘விசிஐ கவர்’ என்று சொன்னால் போதும், புரிந்துவிடும். கடைந்து முடித்த கிராங்க் ஷாஃப்ட், பேரிங், பற்சக்கரம் போன்றவை மஞ்சள், நீலம், பச்சை சாயமேற்றிய இந்த உறைகளில் கப்பலேறுகின்றன. பார்வைக்குச் சாதாரணப் பைதான். ஆனால் உள்ளே அடைபட்ட காற்றின் தன்மையையே அது மாற்றிவிடுகிறது.

இரும்பு துருப்பிடிக்க மழையில் நனைய வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் ஒன்று மேற்பரப்பில் படிந்தாலே போதும். காற்றின் ஆக்சிஜன் அதில் கரைந்ததும் மின்வேதி வினை தொடங்கிவிடும். மாசு கலந்த காற்றில் ஈரப்பதம் ஏறக்குறைய 60 விழுக்காட்டைத் தாண்டியதும் துரு சட்டென்று வேகம் பிடிக்கிறது என்பதை இங்கிலாந்தின் டபிள்யூ. எச். ஜே. வெர்னான் 1930களில் சோதனைகளால் காட்டினார். கடல் கடக்கும் சரக்குக்கு இந்த எல்லை ஒரு பொருட்டே அல்ல. பகலில் சூடாகி இரவில் குளிரும் கப்பல் அறையில், பாகத்தின் மேல் நீர் வியர்வையாகவே அரும்பும். கையுறை இல்லாமல் தொட்டவரின் விரல் ரேகை, அதிலுள்ள உப்பினால், சில நாட்களில் துருவாகப் பதிந்திருப்பதைத் தரச் சோதனையாளர்கள் நன்றாக அறிவார்கள்.

இரண்டாம் உலகப்போர் இந்தச் சிக்கலைப் பெருமளவில் முன்னுக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கப் படை துப்பாக்கிகளையும் உதிரிபாகங்களையும் ‘காஸ்மோலின்’ என்ற கெட்டியான பெட்ரோலியப் பசையில் தோய்த்து அனுப்பியது. அது துருவைத் தடுத்தது உண்மை; ஆனால் களத்தில் அதைப் பெற்றுக்கொண்ட சிப்பாய், ஒவ்வொரு இடுக்கிலும் இறுகிப்போன பசையைப் பெட்ரோலாலும் கொதிநீராலும் கழுவித் தீர்க்க வேண்டியிருந்தது. விமான எஞ்சின்களுக்கு வேறு வழி தேடினார்கள். குட்இயர் நிறுவனம் 1934-இல் கொண்டுவந்த ‘பிளையோஃபிலிம்’, ரப்பரிலிருந்து செய்யப்பட்ட ஒளிபுகும் படலம். எஞ்சினை அதனால் மூடி, காற்றுப் புகாமல் ஒட்டி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லையும் உள்ளே வைத்தார்கள். போர் முடிந்ததும் ஓய்வு கொடுக்கப்பட்ட விமானங்களின் மேல், பிறகு உரித்தெடுக்கக்கூடிய பிளாஸ்டிக் பூச்சைத் தெளித்து மூடினார்கள். அரிசோனாவில் டூசான் அருகிலுள்ள டேவிஸ்-மான்தன் விமானத் தளத்தில் நிறுத்தப்பட்ட பி-29 குண்டுவீச்சு விமானங்கள் இப்படித்தான் காக்கப்பட்டன. அந்தத் தளத்தைத் தேர்ந்தெடுத்ததற்கே பாலைவனத்தின் வறண்ட காற்று ஒரு காரணம்.

இவை எல்லாமே தடுப்புச் சுவர்கள். சுவரில் ஓர் ஊசித்துளை விழுந்தாலும் ஈரம் உள்ளே வந்துவிடும். பாதுகாப்புக்கே வேறொரு பொருள் தந்தது ஷெல் நிறுவனத்தின் கலிபோர்னிய ஆய்வகம். அங்கே ஆரன் வாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் 1940களில் டைசைக்ளோஹெக்சைல் அமோனியம் நைட்ரைட் என்ற வெண்ணிற உப்பை ஆராய்ந்தார்கள். அந்த உப்பு மிக மிக மெதுவாக ஆவியாகும். ஒரு கிராம் ஆவியே சுமார் 550 கன மீட்டர் காற்றை நிறைத்துவிடப் போதும். ஆவி பாகத்தின் இடுக்கு, துளை, மரை என எண்ணெய்த் தூரிகை எட்டாத இடங்களுக்கும் பரவி, அங்குள்ள ஈரப்படலத்தில் கரைகிறது. அமீன் பகுதி ஈரத்தின் அமிலத்தன்மையைக் குறைக்கிறது. நைட்ரைட் இரும்பின் மேலுள்ள மெல்லிய ஆக்சைடு படலம் சிதையாமல் காக்கிறது. நீரும் ஆக்சிஜனும் அருகிலேயே இருந்தும் துரு தொடங்குவதில்லை. பொட்டலத்தைப் பிரித்ததும் ஆவி கலைந்துவிடும். துடைக்கவோ கழுவவோ வேண்டியதில்லை. காஸ்மோலினோடு போராடியவர்களை நினைத்துப் பார்த்தால்தான் இந்தக் கடைசி வசதியின் அருமை விளங்கும். ஷெல் குழுவின் விரிவான கட்டுரை 1951-இல் வெளியானது.

அதே காலத்தில் இங்கிலாந்தின் டெடிங்டன் ஆய்வகத்தில் வெர்னானும் ஈ. ஜி. ஸ்ட்ரவுடும் சைக்ளோஹெக்சைலமீன் கார்பனேட்டைச் சோதித்து, 1952-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஷெல்லின் உப்பைவிட இது ஆயிரக்கணக்கான மடங்கு வேகமாக ஆவியாகும். பெட்டியை மூடியதுமே காவல் தொடங்கும், ஆனால் மருந்தும் சீக்கிரம் தீர்ந்துவிடும். உடனடிப் பலனா, நீண்டகாலப் பலனா என்ற இந்த இழுபறிதான் பின்னாளில் பல சேர்மங்களைக் கலந்து பயன்படுத்தும் முறைக்கு வழிவிட்டது. செம்புக்கும் பித்தளைக்கும் தனி மருந்து தேவைப்பட்டது. அந்தத் தேவையைப் பென்சோடிரையசோல் நிறைவு செய்தது.

முதலில் இந்த மருந்துகளைச் சுமந்தது காகிதம். ஆனால் காகிதம் கிழியும், நனையும், உள்ளே இருப்பதைக் காட்டாது. பாலித்தீனோ, 1933-இல் இங்கிலாந்தின் வின்னிங்டனில் ஐசிஐ வேதியியலாளர்கள் ஃபாசெட்டும் கிப்சனும் தற்செயலாகக் கண்டெடுத்தது; போரின்போது ரேடார் கம்பிகளுக்கு உறையானது. ஈரத்தை ஓரளவு தடுக்கும், சூடுபட்டால் ஒட்டிக்கொள்ளும், ஒளியை விடும். இதற்குள் மருந்தைச் சேர்ப்பதுதான் கடினம். பாலித்தீனை உருக்கிக் குமிழாக ஊதிப் படலமாக்கும் வெப்பத்தில், ஆவியாவதற்கென்றே தேர்ந்தெடுத்த பொருள் எந்திரத்திலேயே பறந்துபோகும். வெப்பம் தாங்கும் சேர்மங்களைத் தேர்ந்தெடுத்து, முதலில் செறிவான குருணைகளாக்கி, பிறகு உருகும் பாலித்தீனோடு சேர்த்துத்தான் இதைச் சமாளித்தார்கள். 1970களிலும் 80களிலும் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் இந்தத் தொழிலின் முக்கிய மையங்களில் ஒன்றானது. 1977-இல் தொடங்கிய கார்டெக் நிறுவனம் அங்கிருந்து வளர்ந்ததுதான். ‘ஜீரஸ்ட்’ என்ற வணிகப் பெயரும் அந்த மாநிலத்திலிருந்தே பரவியது.

இந்த வரலாற்றில் மறைக்கக்கூடாத ஒரு பக்கம் உண்டு. நைட்ரைட்டும் இரண்டாம்நிலை அமீனும் சேரும் இடத்தில் நைட்ரோசமீன்கள் உருவாகலாம். அவற்றில் பல புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. பாகத்தைக் காத்த அதே கலவை, அதை நாள்தோறும் பொட்டலமிடும் தொழிலாளிக்குக் கேடாகக்கூடும் என்பது பிறகே கவனத்துக்கு வந்தது. ஜெர்மனி டி.ஆர்.ஜி.எஸ். 615 என்ற தொழில்நுட்ப விதியால் இத்தகைய கலவைகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. நைட்ரைட்டைத் தவிர்த்து, கரிம அமிலங்களின் உப்புகளால் செய்த உறைகள் சந்தைக்கு வர இது பெரும் உந்துதலானது. உறை வாங்கும் எந்த நிறுவனமும் விலையைக் கேட்பதற்கு முன் அதில் நைட்ரைட் உண்டா என்று கேட்க வேண்டும்.

உறையின் திறனைச் சோதிக்கும் முறை எளிமையானது, ஆனால் கண்டிப்பானது. மூடிய ஜாடிக்குள் படலத் துண்டுகளைத் தொங்கவிட்டு, மூடியில் பொருத்திய மெருகேற்றிய எஃகுத் துண்டைக் குளிரூட்டி, அதன்மேல் வேண்டுமென்றே நீர் அரும்ப வைப்பார்கள். படலம் எஃகைத் தொடுவதே இல்லை. எனவே துரு வராமலிருந்தால் அந்தப் பெருமை ஆவிக்கு மட்டுமே உரியது.

நடைமுறையில் உறை தோற்கும்போது பழி பெரும்பாலும் உறைமீது இல்லை. எந்திரக் குளிர்நீர் காயாத பாகம், சூடு ஆறுமுன் பையில் போட்ட பாகம், வாய் திறந்தே விட்ட பை, அமில ஆவியும் ஈரமும் கசியும் பச்சை மரப்பெட்டி ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். ஏற்கெனவே பிடித்த துருவை எந்த உறையும் அகற்றாது. எல்லா உலோகத்துக்கும் ஒரே உறை என்பதும் தவறு. இரும்பைக் காக்கும் சில அமீன்கள் செம்பையும் ஈயத்தையும் கெடுக்கும்.

ஆவியே தேவையில்லாத இன்னொரு வழியும் உண்டு. 1980களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் ஃபிரேனி, மிகச் சிறிய செம்புத் துகள்களைப் பாலித்தீனுக்குள் பிணைத்தார். காற்றிலுள்ள கந்தக, குளோரின் வாயுக்கள் உள்ளிருக்கும் பொருளை எட்டுமுன், படலத்தின் செம்பு தானே அவற்றோடு வினைபுரிந்து கட்டிப்போடுகிறது. மின்னணுச் சாதனங்களுக்காக உருவான இந்தப் படலத்தை அருங்காட்சியகங்களும் எடுத்துக்கொண்டன. கருத்துப்போகும் வெள்ளிப் பொருட்களை அதில் பொதிந்து வைக்கிறார்கள்.