கணுக்கால் பட்டையும் அந்தரங்க உரிமையும்

குற்றவாளிகளைச் சிறைக்கு வெளியே மின்னணுக் கருவியால் கண்காணிக்கும் முயற்சி 1960களில் அமெரிக்காவின் ஹார்வர்டில் தொடங்கியது. ஆய்வாளர் ரால்ஃப் ஸ்விட்ஸ்கெபெல் அங்கே சோதித்த ரேடியோ கருவியின் நோக்கம் தண்டனை அல்ல, சீர்திருத்தம். 1983இல் ஆல்புகர்க்கி நகர நீதிபதி ஜாக் லவ், ஸ்பைடர்மேன் படக்கதையில் கண்ட பட்டையை மனத்தில் கொண்டு, நன்னடத்தைப் பிணையில் இருந்த சிலருக்குக் கணுக்கால் பட்டை மாட்டச் செய்தார். வீட்டுத் தொலைபேசி வழியாக இயங்கிய அது, ஆள் வீட்டில் இருக்கிறாரா என்பதை மட்டுமே சொன்னது.

ஜிபிஎஸ் வந்ததும் நிலைமை அடியோடு மாறியது. எந்த மருத்துவர், எந்த வழிபாட்டிடம், எந்த வழக்கறிஞர், யார் வீடு என நாள் முழுவதும் எல்லாமே பதிவாகின்றன. எந்தக் குற்றமும் செய்யாமல், பட்டை அணிந்தவருடன் செல்லும் மனைவி, பிள்ளைகளின் நடமாட்டமும் அந்தப் பதிவில் சிக்குவதுதான் மிகவும் கவலைக்குரியது. 2015இல் வட கரோலினா வழக்கொன்றில், ஒருவர் உடலில் இப்பட்டையைப் பொருத்துவது அரசியலமைப்பின்படி சோதனையே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. அது நியாயமானதா என்ற கேள்வியை மாநில நீதிமன்றங்களிடம் விட்டது.

இந்தியாவில், ஜாமீனில் வந்தவர் கூகுள் மேப்பில் தம் இருப்பிடத்தை விசாரணை அதிகாரிக்குக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 8 அன்று நீக்கியது. அவருடைய ஒவ்வொரு அசைவையும் காவல்துறை பின்தொடர வழிசெய்யும் நிபந்தனை, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்றது அத்தீர்ப்பு.