798 ஓவியங்களும் மூன்று நண்பர்களும்

உயில் எழுதி வைத்தால் மட்டும் போதாது, எழுதியவர் போன பிறகு அதை நடத்தி வைக்க ஓர் ஆள் வேண்டும். சட்டத்தில் எக்ஸிக்யூட்டர் என்பார்கள். நம்மூரில் பெரும்பாலும் பெரியப்பா, சித்தப்பா, இல்லையென்றால் குடும்பத்துக்குக் கணக்கு பார்க்கும் ஆடிட்டர். "நமக்குத் தெரிஞ்சவர்தானே" என்பதுதான் தகுதி. இப்படித் தெரிந்தவர்களையே நம்பிய ஒருவரின் கதை இது. கலை உலகில் மிகப் பெரிய வழக்குகளில் ஒன்று.

மார்க் ரோத்கோ. பெரிய கேன்வாஸில் இரண்டு மூன்று நிறப் பட்டைகள், அவ்வளவுதான் ஓவியம். (இதை நானும் வரைவேனே என்று தோன்றும். நேரில் பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை.) 1970 பிப்ரவரி 25 அன்று நியூயார்க்கில் தற்கொலை செய்துகொண்டார். ஆறே மாதத்தில் மனைவியும் இறந்துபோனார். மகள் கேட்டுக்கு அப்போது வயது 19, தம்பி கிறிஸ்டோபருக்கு ஏழுகூட ஆகவில்லை. அப்பா விட்டுப் போனது 798 ஓவியங்கள்.

எக்ஸிக்யூட்டர்கள் மூன்று பேர். பெர்னார்ட் ரீஸ், ரோத்கோவின் கணக்காளர். தியோடோரோஸ் ஸ்டாமோஸ், சக ஓவியர். மார்ட்டன் லெவின், பேராசிரியர். மூவருமே நண்பர்கள்.

1970 மே மாதம், அதாவது இறந்து மூன்றே மாதத்தில், மார்ல்பரோ என்ற கலைக்கூடத்துடன் ஒப்பந்தம் போட்டார்கள். நூறு ஓவியங்கள் 18 லட்சம் டாலருக்கு விற்பனை. கையில் கொடுத்தது 2 லட்சம் மட்டும். மீதி 16 லட்சம் 12 ஆண்டுத் தவணையில், வட்டியே இல்லாமல்! மிச்சமுள்ள 698 ஓவியங்களையும் அதே நிறுவனமே விற்றுத் தரும், அதற்குக் கமிஷன் 50 சதவீதம். ரோத்கோ உயிரோடு இருந்தபோது அதே மார்ல்பரோவிடம் ஆண்டுக்கு நான்கு ஓவியங்களைச் சந்தை மதிப்பில் 90 சதவீதத்துக்குக் கொடுக்கும் உரிமையை வாங்கி வைத்திருந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம்? ரீஸ் அந்த மார்ல்பரோவிலேயே பொறுப்பில் இருந்தவர். செயலாளரும் அவரே, பொருளாளரும் அவரே. விற்பவரும் அவர், வாங்குபவரும் அவர். ஸ்டாமோஸோ தன் ஓவியங்களை மார்ல்பரோ எடுத்துக்கொள்ளாதா என்று காத்திருந்தவர். பிற்பாடு எடுத்தும் கொண்டது.

1971இல் கேட் வழக்குப் போட்டார். கல்லூரி வயதுப் பெண். எதிரில் அப்பாவின் நண்பர்கள், பல நாடுகளில் கிளை வைத்திருந்த ஒரு நிறுவனம். உயிலின்படி சொத்தில் பெரும்பகுதி ஓர் அறக்கட்டளைக்குப் போக வேண்டியிருந்ததால், பொதுமக்கள் சார்பில் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலும் வழக்கில் சேர்ந்தார். வழக்கு நடக்கும்போது ஓவியங்களை விற்கக்கூடாது என்று 1972இல் கோர்ட் தடை போட்டது. அதை மீறியும் மார்ல்பரோ ஓவியங்களைக் கைமாற்றியது.

விசாரணை 89 நாள். 1975 டிசம்பரில் நீதிபதி மிடோனிக் தீர்ப்பு சொன்னார். மூவரும் நீக்கம், ஒப்பந்தங்கள் ரத்து, இழப்பீடும் அபராதமும் சேர்த்து 90 லட்சம் டாலருக்கு மேல். சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பு கேட்டிடமே வந்தது. 1977இல் மேல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது இழப்பீட்டைக் கணக்கிட்ட விதம். ஒரு எக்ஸிக்யூட்டர் நல்ல எண்ணத்தோடு விலையைக் குறைத்து விற்றுவிட்டால், விற்ற நாளின் மதிப்புக்கும் வந்த பணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டினால் போதும். ஆனால் தன் லாபத்துக்காக, விற்கவே கூடாத பொருளை விற்றிருந்தால்? அது பழையபடி வீட்டிலேயே இருந்திருந்தால் இன்று என்ன விலையோ, அதைக் கட்ட வேண்டும். நடுவில் ரோத்கோ ஓவியங்களின் விலை ஏறிவிட்டது. அந்த ஏற்றமும் ரீஸ், ஸ்டாமோஸ், மார்ல்பரோ தலையில்தான் விழுந்தது.

லெவின் நிலைமை வேறு. அவர் ஒரு காசு லாபம் பார்க்கவில்லை. சந்தேகம்கூட வந்தது, வக்கீலைக் கேட்டேன், அவர் சொன்னபடிதான் கையெழுத்துப் போட்டேன் என்றார். கோர்ட் ஒப்புக்கொள்ளவில்லை. மற்ற இருவருக்கும் சொந்த நலன் இருப்பது தெரிந்தும் சும்மா இருந்தது தவறுதான் என்றது. விலை ஏற்றத்தை மட்டும் அவர் மேல் சுமத்தவில்லை. அப்படியும் 64 லட்சம் டாலருக்கு மேல் பொறுப்பு! சித்தப்பா நீட்டும் பேப்பரில் "எங்க கையெழுத்து போடணும்?" என்று மட்டும் கேட்கும் நம்ம வீட்டுப் பெரியவர்களை நினைத்துக்கொண்டேன்.

மார்ல்பரோவின் தலைவர் ஃப்ராங்க் லாயிட் மேல் ஆதாரங்களைத் திருத்தியதாகத் தனியாகக் கிரிமினல் வழக்கு வந்து, 1983இல் குற்றவாளி என்று தீர்ப்பானது. மீட்ட ஓவியங்களில் பாதி பிள்ளைகளுக்கு, பாதி அறக்கட்டளைக்கு. 1980களில் அறக்கட்டளை தன் பங்கை அருங்காட்சியகங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. பெரும்பங்கு வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

இன்னொன்று பாக்கி. 1970இல் ரோத்கோவைப் புதைத்தது ஸ்டாமோஸின் குடும்பத்துக்குச் சொந்தமான கல்லறை இடத்தில். வழக்கு முடிந்தும் முப்பது வருடம் அங்கேயேதான் கிடந்தார். 2008இல் பிள்ளைகள் மறுபடி கோர்ட்டுக்குப் போய் அனுமதி வாங்கி, அப்பாவை அங்கிருந்து எடுத்து வேறொரு கல்லறையில் அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.