சாலைக்குக் கீழே ஒரு சரித்திரம் – 5: துடைப்பம் ஏந்திய கர்னல்

1879 ஜனவரியில் அமெரிக்காவின் மெம்பிஸ் என்ற நகரம் சட்டப்படி செத்துப்போனது என்று சொல்லி, சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் மஞ்சள் காய்ச்சல் அந்த ஊரில் 5,000 பேருக்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது. (நம்மூர் மஞ்சள் காமாலை வேறு, இது வேறு.) ஊரில் பாதிப் பேர் ரயிலிலும் படகிலும் கட்டை வண்டியிலும் ஓடிவிட்டார்கள். கஜானா காலி. கடனோ கழுத்து வரை. டென்னசி மாநிலச் சட்டமன்றம் நகர சாசனத்தையே ரத்து செய்தது. மேயர் போனார், கவுன்சில் போனது, கடைசியில் ‘நகரம்’ என்ற பெயரும் போனது. ‘ஷெல்பி கவுண்டியின் வரி வட்டாரம்’ என்று கணக்குப்பிள்ளை வைத்தது போல ஒரு பெயர்தான் மிச்சம்.

அந்த அநாதை ஊருக்கு ஒருவர் வந்து சேர்ந்தார். முறுக்கி விட்ட மீசை, குதிரைப்படையில் இருந்தவருக்கே உரிய நிமிர்ந்த நடை. கர்னல் ஜார்ஜ் வாரிங். உள்நாட்டுப் போருக்கு முன்பு நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் சதுப்பாகக் கிடந்தபோது, மண்ணுக்கடியில் சுட்டமண் குழாய்களைப் பதித்து நீரை வடித்தவர். இப்போது அவர் ஒரு செத்த ஊரை எழுப்ப வந்திருந்தார். கையில் இருந்த மந்திரம் ஆறே அங்குலம்.

ஆறு அங்குலப் புரட்சி

அன்றைய பெருநகரங்களின் பாதாளச் சாக்கடை என்றால் செங்கல் கட்டிய சுரங்கம். மழைநீரும் வீட்டுக் கழிவும் ஒன்றாகவே ஓடும். அடைமழையையும் தாங்க வேண்டும் என்பதால் ஆள் குனிந்து நடக்கும் அளவுக்குப் பெரிதாகக் கட்டுவார்கள். செலவோ மலைக்க வைக்கும். சாசனமே பறிபோன மெம்பிஸ் அதற்கு எங்கே போகும்?

வாரிங் கணக்கை வேறு மாதிரி போட்டார். மழைத் தண்ணீர் தெருவோரமாகத் தன் பாட்டுக்கு ஓடட்டும். வீட்டுக் கழிவுக்கு மட்டும் தனிக் குழாய் போதும். அதற்கு ஆறு அங்குல விட்டமுள்ள மண்குழாயே தாராளம். ஒவ்வொரு கிளைக் குழாயின் தலைமாட்டிலும் 112 கேலன், அதாவது ஏறத்தாழ 420 லிட்டர் கொள்ளும் ஒரு தொட்டி. அது நாளுக்கொரு முறை தானாகவே நிரம்பிக் காலியாகும். அந்த வேகத்தில் குழாயில் தங்கியது எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். மேன்ஹோல்? எதற்கு வீண் செலவு! அதுவும் வேண்டாம் என்றார்.

1880-ல் வேலை தொடங்கியது. மாதங்களுக்குள் மைல் கணக்கில் குழாய் இறங்கியது. மலிவு, வேகம், எளிமை. தேசமே மெம்பிஸைத் திரும்பிப் பார்த்தது.

அப்புறம், குழாய் அடைத்துக்கொண்டது.

மேன்ஹோல் இருந்தால் ஆள் இறங்கியோ கம்பியை விட்டுக் குத்தியோ அடைப்பை எடுக்கலாம். இங்கே அடைப்பு எந்த இடத்தில் என்று தேடுவதற்கே தெருவைத் தோண்ட வேண்டியிருந்தது. வேண்டாம் என்று விட்ட மேன்ஹோல்களைப் பின்னால் கட்டவேண்டி வந்தது.

இதே சமயத்தில் தேசியச் சுகாதார வாரியம் ருடால்ஃப் ஹெரிங் என்ற பொறியாளரை ஐரோப்பாவுக்கு அனுப்பியிருந்தது. ஊர் ஊராகச் சாக்கடைகளைப் பார்த்துத் திரும்பிய அவர், 1881-ல் அறிக்கை கொடுத்தார். அதன் சாரம்: எல்லா ஊருக்கும் ஒரே மருந்து கிடையாது. நெருக்கமான பெருநகரத்துக்கு ஒரே சுரங்கமாகக் கட்டுவது பொருந்தும். மழைநீர் தெருவிலேயே வழிந்துவிடும் சிற்றூருக்குத் தனிக் குழாய் பொருந்தும். பார்த்து, அளந்து, பிறகு முடிவெடுங்கள்.

பொறுமையான புத்திமதி. ஆனால் வாரிங்கின் முறைக்குக் காப்புரிமை இருந்தது. விற்பதற்கு ஒரு நிறுவனம் இருந்தது. அவரே கத்தி போல எழுதும் பேனாக்காரர். ஹெரிங்கிடம் இருந்தது தடிமனான ஓர் அறிக்கை. எது முதலில் விலைபோகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் நம் கதையின் முடிச்சு விழுகிறது. மெம்பிஸில் அடைத்த குழாயின் கதை அடுத்த ஊர் எஞ்சினீயருக்கு எப்படித் தெரியும்? விற்க வருபவர் சொல்வாரா? வாங்கி ஏமாந்த ஊர்தான் வெளியே சொல்லுமா?

பஃபலோவில் ஒரு கூட்டம்

நகரப் பொறியாளர் என்ற பிராணியின் நிலைமையைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஊரில் அவர் ஒருவர்தான். பேசுவதற்குச் சக தொழிலாளி கிடையாது. சிவில் எஞ்சினீயர்களுக்கு 1852 முதலே தேசியச் சங்கம் இருந்தது. ஆனால் அங்கே சபை நடுவே உட்கார்ந்தவர்கள் பாலமும் ரயில்பாதையும் கால்வாயும் கட்டிய பெருந்தலைகள். தெருவுக்குக் கல் பாவுகிறவரும் சாக்கடைக்குச் சரிவு பார்க்கிறவரும் பின்வரிசைதான்.

அவருடைய நாற்காலிக்கும் ஆயுள் இல்லை. தேர்தலில் மேயர் தோற்றால் பொறியாளரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். எந்தத் தெருவில் எந்தக் குழாய் எத்தனை அடி ஆழத்தில் கிடக்கிறது என்ற அறிவும் அவரோடு சேர்ந்து வெளியே போய்விடும்.

எதிரில் நிற்கும் ஒப்பந்தக்காரர்களோ தேசமெங்கும் வலை விரித்தவர்கள். அப்போது ஆஸ்ஃபால்ட் சாலையின் மோகம் உச்சத்தில் இருந்தது. டிரினிடாட் தீவில் இயற்கையாகவே தார் ஊறிக் கிடக்கும் ஏரியிலிருந்து கப்பல் கப்பலாகச் சரக்கு வந்து இறங்கியது. கம்பெனிக்கு ஐம்பது ஊரின் விலை தெரியும், ஐம்பது ஊரின் மண் தெரியும். எஞ்சினீயருக்குத் தெரிந்தது தன் ஒரே ஊர். பேரம் யார் பக்கம் சாயும்?

1894-ல் ஏரிக்கரை நகரமான பஃபலோவில் நகராட்சிப் பொறியாளர்களும் அதிகாரிகளும் கூடினார்கள். ‘அமெரிக்க நகர மேம்பாட்டுச் சங்கம்’ பிறந்தது. மேளதாளம் ஒன்றும் இல்லை. கூட்டத்தின் சரக்கு எல்லாம் சாலைப் பரப்பு, சாக்கடை, தெருவிளக்கு, குப்பை. அடுத்தடுத்த ஆண்டுகளில் வெவ்வேறு ஊர்களில் கூடி, கட்டுரை படித்து, வாதாடி, அதை அச்சிட்டு வைத்தார்கள். பின்னாளில் சாலைக்கும் சாக்கடைக்கும் பொதுவான தர விவரக்குறிப்புகளையே சங்கம் வெளியிட்டது. இன்ன அளவு கல், இன்ன தரத்தில் தார், இன்ன சோதனை. எந்த ஊர் எஞ்சினீயரும் அதைக் கையில் வைத்துக்கொண்டு கம்பெனிக்காரரின் கண்ணைப் பார்த்துப் பேசலாம்.

சங்கம் பிறந்த சில மாதங்களில், நியூயார்க் மேயர் ஒரு பதவிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். அந்தப் பதவியைத் தியோடர் ரூஸ்வெல்ட், ஆமாம், பின்னாளில் ஜனாதிபதியான அவரேதான், வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார். தெருக் கூட்டும் துறையின் ஆணையர் பதவி அது!

வெள்ளை உடுப்பு

அன்றைய நியூயார்க் குதிரைகளின் நகரம். ஒரு குதிரை நாளொன்றுக்குச் சுமார் பத்துக் கிலோ சாணம் போடும். எத்தனை ஆயிரம் குதிரைகள் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். செத்த குதிரை தெருவிலேயே கிடக்கும். இரவில் வண்டிக்காரர்கள் குதிரையை மட்டும் அவிழ்த்துக்கொண்டு போய், வண்டியை நடுத்தெருவில் விட்டுவிடுவார்கள். அதன் அடியில் பெருக்க யாராலும் முடியாது. துப்புரவுத் துறையோ டாமனி ஹால் என்ற கட்சி இயந்திரத்தின் கைப்பிள்ளை. வேலை தெரிந்தவனைவிட ஓட்டு சேர்ப்பவனுக்கே துடைப்பம் கிடைத்தது.

1894 தேர்தலில் டாமனி மண்ணைக் கவ்வியது. புது மேயர் வில்லியம் ஸ்ட்ராங், 1895 ஜனவரியில் அந்தத் துடைப்பத்தைக் கர்னல் வாரிங்கிடம் கொடுத்தார்.

வாரிங் செய்த முதல் காரியத்தைப் பார்த்து ஊரே சிரித்தது. சாணம் அள்ளுகிறவனுக்குத் தும்பைப்பூ வெள்ளையில் சீருடை! தலையில் வெள்ளைத் தொப்பி. ஆனால் கர்னலின் மூளை வேறு கணக்குப் போட்டிருந்தது. வெள்ளை உடுப்புக்காரன் சாராயக் கடைக்குள் நுழைந்தால் தெருமுனை வரை தெரியும். அது மட்டுமா, வெள்ளை என்றால் மருத்துவமனை, சுகாதாரம். இவனும் உயிர் காக்கிறவன்தான் என்று ஊருக்குச் சொல்லாமல் சொல்லும் உடுப்பு அது.

தொழிலாளிகளே தேர்ந்தெடுத்த 41 பேர் குழு குறைகளைக் கேட்டது. அங்கே தீராதவை, தொழிலாளிகளும் அதிகாரிகளும் சமமாக உட்காரும் சபைக்குப் போயின. அந்தக் காலத்திலேயே இப்படி ஒரு ஏற்பாடு! தெருவில் விட்ட வண்டிகள் அகற்றப்பட்டன. வீட்டுக் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொன்னார்கள்: சாம்பல், காகிதம் கந்தல், சமையலறைக் கழிவு. நம் வாசலுக்கு வரும் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டியின் கொள்ளுத்தாத்தா இதுதான்.

1895-லேயே ஹார்ப்பர்ஸ் வீக்லி பத்திரிகை இரண்டு இரண்டாகப் படங்களை அச்சிட்டது. ஒரே தெருமுனை. 1893-ல் முழங்கால் அளவு குப்பை. 1895-ல் கூட்டித் துடைத்த கல்தரை. சிரித்தவர்கள் வாயை மூடினார்கள். 1896 மே 26. ஐந்தாம் அவென்யூவில் துப்புரவுத் தொழிலாளர்களின் அணிவகுப்பு. முன்னால் குதிரைமேல் கர்னல். பின்னால் வரிசை வரிசையாக வெள்ளை உடுப்புகள். நேற்று வரை மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிய ஊர், அன்று கைதட்டியது.

ஒன்றரை ஆண்டுகூடக் கைதட்டல் நிலைக்கவில்லை. 1897 நவம்பர் தேர்தலில் டாமனி திரும்பி வந்தது. 1898 பிறந்ததும் வாரிங் வெளியே.

ஹவானாவிலிருந்து திரும்பிய கப்பல்

அந்த ஆண்டுதான் ஸ்பெயினுடன் போர் நடந்து, கியூபா அமெரிக்கா வசம் வந்தது. ஹவானாவில் மஞ்சள் காய்ச்சல். மெம்பிஸைக் கழுவியவரையே அனுப்பலாமே! ஜனாதிபதி மெக்கின்லி கர்னலை அனுப்பினார். 65 வயதில் வாரிங் ஹவானாவின் மலக்குழிகளையும் சாக்கடைகளையும் தெருத் தெருவாகப் பார்த்துக் குறிப்பெடுத்தார். சாக்கடையிலிருந்து எழும் கெட்ட வாயுதான் நோயைக் கொண்டுவருகிறது என்பது அவருடைய ஆயுட்கால நம்பிக்கை. வாயுவைத் தேடினார். காதருகே ரீங்கரித்த கொசுவை அவர் ஏன் பொருட்படுத்தப் போகிறார்?

அக்டோபர் கடைசியில் ‘யுகாட்டன்’ கப்பலில் நியூயார்க் திரும்பினார். நான்கே நாளில், 1898 அக்டோபர் 29 அன்று, மஞ்சள் காய்ச்சலிலேயே இறந்தார். தொற்றுக்குப் பயந்து உடலைச் சுவின்பர்ன் தீவுக்குக் கொண்டுபோய் எரித்தார்கள்.

இரண்டே ஆண்டுகளில் உண்மை வெளிப்பட்டது. கியூபா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881-லேயே சொன்னதை, 1900-ல் அமெரிக்க ராணுவ மருத்துவர் வால்டர் ரீடின் குழு நிரூபித்தது. குற்றவாளி ஏடிஸ் கொசு. நம்மூரில் டெங்குவைப் பரப்புகிறதே, அதே கொசுதான். அது சாக்கடையை நாடாது. தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். மெம்பிஸ் வீடுகளில் மழைநீர் பிடித்து வைத்த தொட்டிகள் அதற்கு ராஜபோகம். 1887-ல் அங்கே ஆழ்துளை ஊற்று கிடைத்து, அந்தத் தொட்டிகளுக்குத் தேவை குறைந்தது. கர்னலின் குழாய்க்குக் கிடைத்த மாலையில் பாதி அந்த ஊற்றுக்குப் போகவேண்டியது.

வாரிங் மேதை. அதில் சந்தேகமில்லை. ஆனால் தனி மேதையின் சரியும் தவறும் அவரோடு போய்விடும். தவறைக் கூடிப் பேசி, எழுதி வைத்து, அடுத்தவன் கையில் கொடுக்கும் ஏற்பாடு இருந்தால்தான் ஊர் பிழைக்கும். பஃபலோவில் கூடியவர்கள் செய்தது அதைத்தான்.

ஆனால் அவர்களுக்கும் ஒரு குருட்டுப் புள்ளி இருந்தது. முதல் உலகப் போர் முடிந்த கையோடு, தெருத் துப்புரவு அதிகாரிகள் தங்களுக்கென்று தனியாக ஒரு சங்கம் கண்டார்கள். வரைபலகைக்காரர்கள் ஒரு பக்கம், துடைப்பக்காரர்கள் மறு பக்கம். அப்படியே நின்றிருக்கும்போது 1929 வந்தது, பங்குச் சந்தை சரிந்தது. 1933-ல் வாஷிங்டன் பொதுப்பணிகளுக்கென்று 330 கோடி டாலரை ஒதுக்கியது. பணம் இருக்கிறது, வேலையில்லாத கைகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஊருக்கு ஊர் திட்டம் போட்டு வேலை வாங்கத் தெரிந்தவர்களோ இரண்டு சங்கமாகப் பிரிந்து கிடக்கிறார்கள்.

ஒரே உறையில் அந்த இரண்டு கத்திகளையும் போட, சிகாகோவில் டொனால்ட் ஸ்டோன் என்ற இளைஞர் முன்வந்தார். அவர் பட்ட பாட்டை அடுத்த வாரம் பார்ப்போம். அதுவரை, உங்கள் தெருவில் ஒரு மேன்ஹோல் மூடியைக் கடக்கும்போது, அது இல்லாமல் தவித்த மெம்பிஸை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)