கொழுந்தில் இருந்தது, கோப்பையில் இல்லாதது

நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்குப் போகும் பாதையில், ஹக்கலை மலையின் அடிவாரத்தில் ஒரு பூந்தோட்டம் இருக்கிறது. ரோஜா பூக்கும் பருவத்தில் கொழும்பிலிருந்து உல்லாசப் பயணிகள் கூட்டங்கூட்டமாக அங்கே வருகிறார்கள். ஆனால் அத்தோட்டம் மலர்களுக்காகப் பிறந்ததன்று. 1861ஆம் ஆண்டில் அது சிங்கோனா மரங்களை வளர்த்துப் பார்க்கும் பொருட்டே அமைக்கப்பட்டது. மலேரியாவுக்கு மருந்தான கொயினா அம்மரத்தின் பட்டையிலிருந்து கிடைப்பது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பேரரசின் சிப்பாய்களும் அதிகாரிகளும் காய்ச்சலில் மடியாமலிருக்க அந்தப் பட்டை தேவைப்பட்டது.

1869இல் கோப்பிச் செடிகளின் இலையில் துருநோய் தோன்றிற்று. கோப்பி சாகச் சாகத் துரைமார் அவ்விடத்தில் சிங்கோனாவை நட்டனர். 1880களில் பட்டை மலைபோற் குவிந்து விலை சரிந்தது. ஜாவாத் தீவின் சிறந்த மரங்களோடு போட்டியிடவும் இயலவில்லை. சிங்கோனாவை வெட்டியெறிந்துவிட்டுத் தேயிலையை வைத்தனர். பயிர் இரண்டு முறை மாறியது. காடு வெட்டிக் குழி தோண்டிய கைகள் மட்டும் தென்தமிழ் நாட்டிலிருந்து வந்த அதே கைகள்.

கொயினாவுக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. அதன் கரைசல் வெயிலில் நீலமாக மினுங்குவதை 1845இல் ஜோன் ஹெர்ஷல் எழுதி வைத்தார். ஏழாண்டுகள் கழித்து ஜோர்ஜ் ஸ்டோக்ஸ், சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் பிரித்து, ஊதா நிறத்திற்கும் அப்பால் கண்ணுக்கு இருளாகத் தெரியும் இடத்தில் கொயினாக் குழாயைப் பிடித்தார். அந்த இருளில் குழாய் நீலமாக ஒளிர்ந்தது. கண்ணுக்குப் புலனாகாத கதிரை வாங்கிப் புலனாகும் ஒளியாகத் திருப்பித் தரும் இந்தக் குணத்துக்கு அவர் வைத்த பெயரே இன்று 'புளோரசென்ஸ்' என்று வழங்குகிறது. நாம் ஒளிர்வு என்போம். ஒளிர்வை அளக்கும் கருவிகளைச் சரிபார்க்க கொயினா உப்பின் கரைசலை ஆய்வுகூடங்களில் இன்றும் எடுத்தாளுகிறார்கள்.

இந்த ஒளி உயிர்ச்சத்து 'சி'யைத் தேடப் பயன்பட்ட கதைக்கு வருவோம். கப்பலோட்டிகளின் பல்லீறில் இரத்தம் கசியச் செய்த நோயைத் தடுப்பது எதுவென்று அறிய, முதலில் கினிப்பன்றிகளைப் பட்டினி போட்டுத்தான் பார்த்தார்கள். 1928இல் சென்ட்-கியோர்கி அப்பொருளைப் பிரித்தெடுத்தார். 1933இல் அதன் அமைப்பு தெளிவாயிற்று. நீலச் சாயமொன்றின் நிறத்தை அது அழிப்பதைக் கொண்டு அளக்கும் முறையும் வந்தது. மலிவான முறை, பள்ளிக்கூட மாணவரும் செய்யலாம். ஆனால் சாறே நிறமுடையதாக இருந்தால் சாயம் எப்போது மறைந்தது என்று கண் தடுமாறும். சாயத்தின் நிறத்தை வேறு பொருள்களும் அழிக்கும்.

1965இல் டொய்ச், வீக்ஸ் என்னும் இருவர் வேறு வழி காட்டினர். கரியைக் கொண்டு உயிர்ச்சத்தை ஆக்சிஜனேற்றி, அதனோடு வேறொரு இரசாயனத்தைச் சேர்த்தால் நீலமாக ஒளிரும் புதுப்பொருள் உண்டாகிறது. சாற்றின் மற்ற அழுக்குகளும் ஒளிருமே என்று நீங்கள் கேட்கலாம். அதற்காக அவர்கள் இன்னொரு குழாயில் போரிக் அமிலத்தைக் கலந்தனர். அது உயிர்ச்சத்தை மட்டும் கட்டிப்போட்டுவிடும். அங்கே எஞ்சும் ஒளி அழுக்கின் ஒளி. அதைக் கழித்தால் உண்மைக் கணக்கு வந்துவிடும். பொய்யைத் தனியே அளந்து கழிக்கும் இந்த முறையைச் சரித்திர ஆசிரியர்களும் கற்றுக்கொண்டால் நன்றாயிருக்கும்.

இப்போது கொழுந்துக்குத் திரும்புவோம். தேயிலையில் உயிர்ச்சத்து 'சி' உண்டென்பதை 1924இல் ஜப்பானிய விஞ்ஞானியான சுஜிமுரா மிச்சியோ, மியுராவோடு சேர்ந்து கண்டறிந்தார். பெண்களை மாணவராக ஏற்காத பல்கலைக்கழகமொன்றில் ஊதியமில்லாத உதவியாளராக ஆராய்ச்சியைத் தொடங்கியவர் இவர். அவர் ஆராய்ந்தது பச்சைத் தேயிலை. பறித்த இலையை உடனே ஆவியில் வாட்டுவதால் அதிலுள்ள நொதி செத்துவிடுகிறது. உயிர்ச்சத்தில் ஒரு பகுதி தப்புகிறது. நமது தோட்டத் தொழிற்சாலைகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. இலையை வாட்டி, உருட்டி நசுக்கி, காற்றுப்பட விரித்துச் சிவக்க வைக்கிறார்கள். அந்த வேளையில் நொதி துவர்ப்புப் பொருள்களை மாற்ற, மாறிய பொருள்கள் உயிர்ச்சத்தை அழிக்கின்றன. அப்புறம் சூளை. நிறமும் மணமும் இலண்டன் சந்தைக்குப் போயின. நெல்லிக்காயிலும் துவர்ப்பு உண்டு. அங்கே அது உயிர்ச்சத்தைக் காப்பதாக 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் நாயரும் எழுதினர். தொழிற்சாலையின் துவர்ப்போ காவலனாக இல்லை.

கொழுந்து பறிப்பவள் லயத்துக் காம்பிராவில் ரொட்டிக்கு மேல் குடிப்பது இந்தத் தேநீர்தான். அதில் உயிர்ச்சத்து 'சி' இல்லை. எஞ்சிய துவர்ப்போ ரொட்டியிலும் கீரையிலுமுள்ள இரும்பைப் பிணித்துக் குடல் உறிஞ்சவொட்டாமல் தடுக்கிறது. தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் 1975இல் இதை மனிதரிடமே அளந்து காட்டினர். உயிர்ச்சத்து 'சி' செய்வது எதிர்வேலை: இரும்பை உடல் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றுகிறது.

1979இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எட்கர்டன், செனவிரத்ன முதலியோர் எழுதிய கட்டுரை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்களைப் பற்றியது. இரத்தசோகையுள்ள பெண்களுக்கு இரும்புச்சத்துக் கொடுத்தபோது அவர்கள் பறித்த கொழுந்தின் எடை கூடிற்று. சோகை மிகுந்தவர்களிடமே முன்னேற்றம் அதிகம். சிறந்த ஆராய்ச்சி என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒன்று உறுத்துகிறது. 1974இல் இதே மலைகளில் மக்கள் பட்டினியால் மாண்டார்கள். 1975இல் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. அதன் பின்னரும் அவர்கள் களைப்பை நிர்வாகத்துக்கு விளக்கக் கொழுந்துத் தராசைவிட எடுப்பான சாட்சியம் வேறில்லை.

தேநீர்க் குடியின்மீது முழுப் பழியையும் போடுவதும் நேர்மையன்று. கொக்கிப்புழு, அடுத்தடுத்த பேறு, கறியும் பழமும் வாங்கமுடியாத கூலி ஆகியவை எல்லாம் சேர்ந்தே இரத்தத்தை வெளுக்கச் செய்தன. 'தேத்தண்ணியைக் குறையுங்கள்' என்று புத்தி சொல்வது எளிது. உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம் விடுவதும், கொய்யாவோ எலுமிச்சையோ சேர்ப்பதும் உண்மையில் பயன் தரும். ஆனால் அந்த ஒரு மணி நேரம் பெரட்டு மணியின் கையில் இருந்தது.

இன்றைய ஒளிர்வு உணரிகள் மிக நுண்ணியவை. ஒருவகையில், ஒளிரும் துகளை மாங்கனீசு ஆக்சைட்டுத் தகடு ஒன்று அணைத்து வைத்திருக்கும். உயிர்ச்சத்து 'சி' வந்து தகட்டைக் கரைத்ததும் ஒளி மீளும். மீண்ட ஒளியின் அளவே உயிர்ச்சத்தின் அளவு. அத்துகள்களைத் தேயிலைக் கழிவிலிருந்தே செய்தவர்களும் உண்டு. இதில் மலைநாட்டுக்குத் தனிப் பயன் ஒன்று தெரிகிறது. எடுத்த இரத்தத்தில் உயிர்ச்சத்து 'சி' நெடுநேரம் நிற்பதில்லை. அமிலம் சேர்த்து உறையவைக்காவிட்டால் மறைந்துவிடும். அட்டனுக்கு மேலே, மண்பாதை முடியும் இடத்திலுள்ள பிரிவொன்றிலிருந்து குழாயைக் கொழும்புக்கு அனுப்பினால், அங்கே அளக்கப்படுவது அவள் உணவின் குறையா, பாதையின் நீளமா என்று சொல்ல முடியாது. அவ்விடத்திலேயே, தோட்ட மருந்தகத்தின் மேசையில், ஒரு புறஊதா விளக்கின் கீழ் வைத்துப் பார்க்கத்தக்க உணரி அங்கே வந்து சேரவேண்டும். வந்தால், அது காட்டும் எண்ணைக் கொழுந்து நிறுக்கும் ஏட்டில் அல்ல, அவள் பெயருள்ள ஏட்டில் எழுதட்டும்.